ஒட்சிசன் கடன்

1920களின் தொடக்கத்தில் மான்செஸ்ரர் நகரிலே பேராசிரியர் ஒருவர் முதுகிற் பெரியதொரு காற்றுப்பையைச் சுமந்தவராய்ப் புற்றரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். வாயிற் பொருத்திய குழாய் வழியே அவர் வெளிவிட்ட மூச்சு அப்பையிற் சேர்ந்தது. பார்த்தவர் நகைத்திருத்தலுங் கூடும். அவர் பெயர் ஏ. வி. ஹில், வயது முப்பத்தைந்துக்கு மேல். பரிசோதிக்கும் ஆய்வாளரும் பரிசோதனைக்குரிய உடலும் அவரேயாயினர்.

ஹில் கேம்பிறிட்ஜிற் கணிதம் பயின்று தவளையின் தசைக்கு வந்தவர். தசை ஒருமுறை துடிக்கையில் எழும் வெப்பம் ஒரு பாகையின் ஆயிரத்திற் சில பங்கே. அதனை அளந்து, வெப்பத்தில் ஒரு பகுதி துடிப்பு முடிந்த பின்னரே, அதுவும் ஒட்சிசன் உள்ளபோதே வெளிப்படுவதை அவர் கண்டார். ஜேர்மனியில் ஒற்றோ மேயர்ஹோவ் அதே வினாவை இரசாயன வழியில் ஆராய்ந்தார். கிளைக்கோசன் இலற்றிக் அமிலமாக மாறுவதே தசையைச் சுருக்குகிறது. பின்னர் வரும் ஒட்சிசன் அவ்வமிலத்தின் ஒரு பகுதியை எரித்து எஞ்சியதை மீட்டுக் கிளைக்கோசனாக்குகிறது: இவ்வாறு ஒரு கோட்பாடு உருவாயிற்று. 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை இருவரும் பகிர்ந்தனர். ஓடும் மனிதனுக்கும் அக்கணக்கு பொருந்துவதாகத் தோன்றிற்று. விரைந்தோடுபவன் ஒட்சிசனைக் கடனாகப் பெறுகிறான். ஓட்டம் நின்றபின் மூச்சிரைத்து அக்கடனை அடைக்கிறான். ஹில் இதற்கிட்ட பெயரே ‘ஒட்சிசன் கடன்’. வணிகன் பேரேட்டிலிருந்து எடுத்தாற்போன்ற இச்சொல்லின் எளிமை அதன் வலிமை. அதன் ஆபத்தும் அதுவே எனலாம்.

1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனர் லுண்ட்ஸ்கார்ட் அயடோஅசற்றிக் அமிலத்தால் நஞ்சூட்டிய தசையில் ஒரு புதுமையைக் கண்டார். இலற்றிக் அமிலம் துளியும் உண்டாகவில்லை. ஆயினும் தசை சிறிது நேரம் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. அதில் அழிந்தது கிரியேற்றின் பொசுபேற்று. அப்பொருளை 1927இல் இனங்கண்டவருள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற சுப்பாராவ். அதே ஆண்டில் அதன் இருப்பை அறிவித்த எக்கிள்ற்றன் தம்பதியர் ஹில்லின் இலண்டன் ஆய்வுகூடத்தினரே. பரிசு பெற்ற கோட்பாட்டைச் சரித்த பொருள் அவர் வீட்டுக்குள்ளேயே பிறந்திருந்தது!

பிறர் செய்ததைப் பிழை எனல் எளிது. தமக்குப் புகழீட்டித் தந்த கருத்துச் சரிகையில் ஹில் செய்ததே நினைக்கத்தக்கது. 1932இல் அவரே ஒரு நீண்ட கட்டுரை எழுதி, அதற்குத் ‘தசை உடற்றொழிலியலிற் புரட்சி’ எனத் தலைப்பிட்டார். தாம் அளந்த வெப்ப எண்களை அவர் கைவிடவில்லை, கைவிட வேண்டியதுமில்லை. எண்கள் நின்றன, விளக்கம் வீழ்ந்தது. கடன் என்ற சொல் மாத்திரம் பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்தது. இலற்றிக் அமிலம் வெறுங் கழிவு என்ற எண்ணமும் மைதானங்களில் அவ்வாறே நிலைத்தது. அது இதயமும் எரித்துப் பயன்கொள்ளும் எரிபொருளே என்பதை 1980களில் ஜோர்ஜ் புறூக்ஸ் முதலியோர் வலியுறுத்த வேண்டியிருந்தது.

எனினும் ஹில் புதிய கோட்பாட்டுக்கும் இலகுவில் தலைவணங்கவில்லை. ஏ.ரி.பி.யே சுருக்கத்தின் நேரடிச் சக்தி என எல்லோரும் ஏற்றிருந்த 1950இல், உயிருள்ள தசையின் ஒரேயொரு சுருக்கத்தில் அது குறைவதைக் காட்டியவர் உண்டா என உயிர் இரசாயனவியலாருக்கு அறைகூவல் விடுத்தார். ஒருவருமிலர். கிரியேற்றின் பொசுபேற்று உடனுக்குடன் ஈடுசெய்துவிடுவதால் அக்குறைவு புலப்படவில்லை. அவ்வீட்டினைத் தடுக்கும் நஞ்சொன்றைக் கையாண்டு, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கெயினும் டேவிசும் 1962இல் விடை கண்டனர்.

நாசி ஆட்சிக்கு அஞ்சி 1938இல் ஜேர்மனியைவிட்டு வெளியேறிய மேயர்ஹோவ், பிரான்சையும் இழந்து, 1940இற் புகலடைந்த பல்கலைக்கழகமும் அதுவே. அவர் 1951இற் காலமாகிவிட்டார். ஹில் அந்த விடையை வாசிக்க இருந்தார், எழுபத்தைந்து வயது.