லயத்துக்குப் பின்னால் ஒரு கோப்பிச் செடி

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக மலைக்கு ஏறுகிறது. மற்றது இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று நீள்கிறது. முதற் பாதையில் கேகாலை மாவட்டத்துத் தோட்டங்கள், இரண்டாவதில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள். இந்த இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம்.

நுவரெலியாவின் குளிர் இங்கே இல்லை. மழையும் வெக்கையும் கலந்த இடம் இது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர், மேலே தேயிலை. விடியற்காலையில் வாளியோடு பால்வெட்டுக்குப் போகும் பெண்களையும், கூடையோடு கொழுந்துக்குப் போகும் பெண்களையும் ஒரே பாதையில் காணலாம்.

லயங்களின் பின்புறத்தில் வேறொரு காட்சி இருக்கும். மிளகுக் கொடி ஏறிய மரம், வாழை, பலா, அவற்றின் நிழலில் இலை பளபளக்கும் கோப்பிச் செடி. மழை பெய்த பின் மல்லிகையைப் போல வெள்ளையாகப் பூத்து மணக்கும். இன்று யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்தச் செடிதான் எமது முன்னோரை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது.

1820களில் கம்பளைப் பகுதியில் வெள்ளைக்காரர்கள் கோப்பித் தோட்டங்களைத் திறந்தார்கள். பிறகு மலைநாடெங்கும் கோப்பி பரவியது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களிலும் தோட்டங்கள் எழுந்தன. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்தே சென்றார்கள். பசியாலும் கொலராவாலும் வழியில் இறந்தவர்கள் பலர். மன்னாரிலும் வன்னியிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, அவர்கள் நடந்த பாதை உங்கள் ஊர்களுக்கு அருகால்தான் போனது.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தோட்டத்துக் கோப்பி வேளாண்மையைப் பாடும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற தமிழ் நூல் அச்சில் வந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அந்த இடத்தைத் தேயிலையும் பின்னர் இறப்பரும் பிடித்தன. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அதிகம் ஆள் தேவை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வேலை முடிய ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பம் குடும்பமாகக் குடியேறியதும், பெண்ணின் கை தோட்டத்தின் முதுகெலும்பானதும் அப்போதுதான்.

நிறுவைக்குப் போகாத விளைச்சல்

தோட்டத்தில் ஒரு பெண் பறிக்கும் கொழுந்து நிறுக்கப்படும். கணக்குக்குக் குறைந்தால் முழுப் பேர் கிடைக்காது, அரைப் பேர்தான். வெட்டிய பாலும் அளக்கப்படும். வீட்டுக் கோப்பிச் செடியின் பழத்தை மட்டும் கணக்கப்பிள்ளை நிறுப்பதில்லை. எப்போது பறிப்பது, விற்பதா, வீட்டுக்கு வைப்பதா என்பதை அவளே தீர்மானிக்கிறாள். அச்செடி நிற்கும் காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்கள்தான் இன்றும் அதிகம். ஆனாலும் அதன் விளைச்சல் அவளுடையது.

இந்த வெப்பத்துக்கு ஏற்றது ரொபஸ்டா இனம். துரு நோயைத் தாங்கும். கசப்பும் உறைப்பும் கூட. அராபிக்காவைவிட ஏறத்தாழ இரு மடங்கு கஃபீன் இதில் உண்டு. சிவந்து பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக் காய் கலந்தால் சுவை கெடும். படங்கில் பரப்பி இரண்டு, மூன்று கிழமை வெயிலில் காயவிட்டு, உரலில் மெதுவாகக் குற்றிச் சுளகால் புடைத்தால் கொட்டை கிடைக்கும். சுமார் ஐந்து கிலோ பழத்தில் ஒரு கிலோ கொட்டை தேறும்.

வறுப்பதற்கு அடி கனத்த இரும்புச் சட்டியும் நிதானமான நெருப்பும் போதும். கை ஓயாமல் கிளற வேண்டும். கொட்டை முதலில் மஞ்சளாகும், பின் மண்ணிறமாகும், பிறகு படபடவென்று வெடிக்கும். வெடித்துச் சற்று நேரத்தில் இறக்கி, உடனே சுளகில் கொட்டி ஆற்றுங்கள். கரியாகும்வரை வைத்தால் கோப்பியின் மணம் போய்க் கரி மணம்தான் மிஞ்சும். ஒரு நாள் கழித்து இடியுங்கள். ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் இடித்து, மீதியைக் கொட்டையாகவே இறுக மூடி வையுங்கள்.

எப்படி ஊற்றுவது?

முதலாவது, ஊறவைத்துத் தெளிய விடும் முறை. கொதித்த நீரை இறக்கி அரை நிமிடம் பொறுத்து, ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி தூள் போட்டு மூடுங்கள். நான்கு நிமிடத்தில் சிறிது குளிர்ந்த நீர் தெளித்தால் மண்டி அடியில் படியும். சற்றுக் கரடான தூள் இதற்கு நல்லது. தூளைப் போட்டு மீண்டும் கொதிக்க வைத்தால் கசப்புத்தான் கூடும்.

இரண்டாவது, துணி வடி. சுத்தமான பருத்தித் துணியில் தூளை வைத்து, சுடுநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுவது. மண்டி இல்லாத தெளிந்த கோப்பி கிடைக்கும். துணியைச் சவர்க்காரம் போடாமல் சுடுநீரில் அலசிக் காயவிடுங்கள்.

மூன்றாவது, தமிழ்நாட்டு வடிகட்டி. மேல் பாத்திரத்தில் தூளை இட்டுச் சுடுநீர் ஊற்றினால், கீழே கெட்டிச் சாறு சொட்டும். பால் சேர்ப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில், பாலில்லாத கோப்பியின் அருமையைப் பல வீடுகள் அறிந்துகொண்டன. சப்பிரகமுவவில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். வடக்கில் அதற்குப் பனங்கட்டி இருக்கிறது.

சாப்பாட்டோடு கோப்பி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தச்சோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் ஒரு சிறு கோப்பையோடு நிறுத்துவது நல்லது.

1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் வன்னிக்கும் ஓடின. யுத்தத்தில் 2009 வரை அவர்கள் மறுபடியும் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் எமது வாசகியரிலும் இருக்கிறார்கள். வன்னியின் வரண்ட காற்றில் கோப்பிச் செடி செழிப்பது கடினம். ஆனால் வறுக்காத கொட்டையை மூட்டையாக அனுப்பலாம், அது பல மாதம் கெடாது. வடக்கிலுள்ள மகளிர் சங்கமொன்று சப்பிரகமுவத் தோட்டப் பெண்களிடமிருந்து நேராகக் கொட்டை வாங்கி, தானே வறுத்து இடித்து விற்றால், தரகருக்குப் போகும் காசு இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் சேரும். பத்துக் கிலோவில் தொடங்கிப் பார்க்கலாம். ஒரு சட்டி, ஓர் உரல், ஓர் அரிதட்டு போதும்.