கையெழுத்தும் கைநாட்டும்

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரசாங்கத்தின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ரேஷன் கார்டு மனு, முதியோர் உதவித்தொகை மனு, வங்கிப் புத்தகம், எதை எடுத்தாலும் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகைதான். அதே ஆயா எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பொருளாளராக இருந்தது. கணக்கு நோட்டு முழுக்க அதன் கையெழுத்து. கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோட்டோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும். நாளாகமத்தில் பக்கம் பக்கமாக வருகிற வம்ச வரலாற்றுப் பெயர்களைக்கூடத் தடுமாறாமல் வாசித்து முடிக்கும்.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆயாவுக்கு இரண்டு பெயர். ஒன்று ஞானஸ்நானத்தில் வைத்தது, வேதாகமத்தில் வரும் ஒரு பெண்ணின் பெயர். இன்னொன்று அரசாங்கக் காகிதங்களில் இருப்பது, எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் அம்மன் பெயர். முதல் பெயரை எழுதும். இரண்டாவது பெயருக்குக் கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டிவிடும். "அந்தப் பேரு எனக்கு எழுத வராதுப்பா" என்று மட்டும் சொல்லும். எழுத்து தெரியாமல் இல்லை. வராது, அவ்வளவுதான்.

எண்பது தொண்ணூறு வருஷம் ஒரு பாட்டி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனது என்று கேட்டால் அதை நாம் சட்டென்று ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறோம். பக்தி, ஆறுதல், வயசான காலத்துக்கு ஒரு பிடிமானம். ஆயா விஷயத்தில் அது பாதி உண்மைதான். தன் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுகிற, தன் பெயரில் ரசீது கொடுக்கிற ஒரே இடத்துக்கு அது போய்க்கொண்டிருந்தது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஆயா பிறந்தது மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் ஒரு சேரியில். கிழக்கே நடந்தால் சவுக்குத் தோப்பு, பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கடல். விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு படகுகள் அந்தக் கால்வாயில் மெட்ராஸுக்குப் போகும். ஆயாவின் அப்பாவுக்கு விறகு ஏற்றுகிற கூலி வேலை. அவருக்கும் முந்தைய தலைமுறைக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது, பஞ்சமி நிலம்.

'அசுரன்' பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். அது தொடங்கிய இடம் செங்கல்பட்டுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கிற குடிசையின் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதார்களின் உரிமை குறுக்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். பத்து வருஷம் விற்கக்கூடாது, அப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

அதே காலத்தில் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனரி இருந்தார். ஜெபக்கூட்டம் நடத்தியதோடு அவர் நிறுத்தவில்லை. நிலப் பிரச்சினையில் சேரி மக்கள் பக்கம் நின்றார். 1890-களில் அவர்களுக்காகக் குடியேற்றங்களை உண்டாக்கினார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது அப்படி வந்ததுதான். மெல்ரோஸ் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு ஊர்.

சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று இந்த மக்களைச் சொல்கிற வழக்கம் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. நான் கல்லூரியில் படிக்கும்போது இதைப் பற்றி ஆயாவிடம் கேட்டேன். அது கோபப்படவில்லை. "அரிசிக்குத்தான் போனாங்கன்னே வெச்சிக்கோயேன். பசிச்சவனுக்கு அரிசி குடுக்காத சாமி இன்னா சாமி?" என்றது.

அந்த இரண்டு ஏக்கர் ஆயா பிறப்பதற்கு முன்பே கடனில் போய்விட்டது. காகிதம் யாரிடமும் இல்லை. ஈ.சி.ஆர். ரோடு வந்த பிறகு அந்தப் பக்கம் முழுக்கக் கல் நட்டு, கம்பி வேலி போட்டு, மனை மனையாகப் பிரித்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது ஆயா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "இங்கதான், இல்ல, அங்க" என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தைச் சொல்லும்.

நிலத்தின் காகிதம் போய்விட்டது, ஆயாவின் காகிதம் மட்டும் தப்பியது. ஓலைக் கொட்டகையில் கூடுகிற சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், தேதி. அந்த ஒரு வரிதான் ஆயாவுக்குப் பிறப்புச் சான்றிதழ். உபதேசியார் அதே கொட்டகையில் பகலில் பள்ளிக்கூடமும் நடத்தினார். ஆயா மூன்றாவது வரைக்கும் படித்தது.

கல்யாணம் 1947-இல். எங்கள் வீட்டில் அதை "சி.எஸ்.ஐ. ஆன வருஷம்" என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 27-இல்தான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. நாடு சுதந்திரம் அடைந்தது அதற்கு ஆறு வாரம் முன்னால். ஆயாவுக்கு இரண்டும் ஒன்றுதான். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு மாட்டு வண்டியில் வந்தபோது, நடுப்பகலில் மலைக்கோயிலுக்குச் சோறு தின்ன அப்போதெல்லாம் வந்துகொண்டிருந்த இரண்டு கழுகுகளை அண்ணாந்து பார்த்ததைத்தான் அது அடிக்கடி சொல்லும்.

தாத்தாவுக்குச் செங்கல்பட்டில் கூலி வேலை. பிள்ளைகள் ஏழு, தங்கியது ஐந்து. சோறு வடிக்கும்போதெல்லாம் உலையில் போடுவதற்கு முன் ஆயா ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு சட்டியில் போட்டுவைக்கும். பிடி அரிசிக் காணிக்கை. தமிழ்நாட்டு சபைகளில் பெண்கள் செய்கிற பழைய வழக்கம் இது. காசு ஆம்பளை கையில் இருந்தது, அரிசி பொம்பளை கையில் இருந்தது, அதனால் வந்த வழக்கம். மாசக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியையும் கொட்டி அளந்து, விற்று, கணக்கு எழுதுவார்கள். குருணையும் இருக்கும், ரேஷன் அரிசியும் இருக்கும், எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஆயாவின் நோட்டில் வரவுப் பக்கம் படி கணக்கில் இருக்கிறது. செலவுப் பக்கம்: ஒரு விதவைக்குச் சேலை, பிரசவத்துக்கு ஆட்டோ, ஒரு பையனுக்குப் பரீட்சை ஃபீஸ்.

வீட்டில் சோறு பத்தாத நாளிலும் அந்தப் பிடி அரிசி போகும். அத்தை ஒருதரம் சண்டை போட்டதாம், "நாங்க துன்றதுக்கே இல்ல, கோயிலுக்கு ஏன் குடுக்கிற?" என்று. "வாங்குற எடத்துலயே இருந்தாக்கா வாங்குறவளாவே செத்துருவேன்" என்றதாம் ஆயா. இதை நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். பரம்பரையாகக் கையேந்த வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தில், கொடுக்கிறவள் என்று தன்னை ஆக்கிக்கொள்ள ஆயாவுக்கு இருந்த வழி அந்தச் சட்டிதான்.

இப்போது இரண்டாவது பெயர். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாத யாரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார்கள் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். மதம் மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். அதாவது, கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத ஊருக்கு நீ யார் என்று நன்றாகத் தெரியும். ஹாஸ்டல் கேட்டுப் போனால் ஆபீஸுக்குத் தெரியாது.

பெரியப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது ஒருவர் தாத்தாவிடம், "புள்ள படிக்கணுமா வாணாமா?" என்று கேட்டிருக்கிறார். தாத்தா படிக்கணும் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் இன்னொரு பெயர் வந்தது. அதற்குப் பிறகு யார் யாருக்கு எந்தச் சான்றிதழ் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. படித்தார்கள். வேலைக்குப் போனார்கள். ஆயா யாரையும் தடுக்கவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. தன்னிடம் வந்த காகிதங்களில் எல்லாம் கட்டைவிரலை மட்டும் வைத்தது.

சபை ஒன்றும் சொர்க்கம் இல்லை. தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சாதி செத்த பிறகும் விடுவதில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்கு நடுவிலேயே சுவர் எழுப்பியிருந்த கதை ஊரறிந்தது. ஆயாவுக்கு இதெல்லாம் தெரியும். "சுவரு வெச்சவன் மனுசன். சாமி இன்னாத்துக்கு சுவரு வெக்கப் போவுது?" என்று முடித்துவிடும்.

ஆயா எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஞாயிறு அழுதுகொண்டு கோயிலுக்குப் போனது, 1994-இல் என்று அப்பா சொல்வார். அந்த வருஷம் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு பெயர்களும் வருஷா வருஷம் நினைவு நாளில் சேர்ந்துதான் சொல்லப்படுகின்றன. ஒன்று வேதாகமப் பெயர், ஒன்று திருப்பதி மலையின் பெயர். நிலம் கேட்டபோதும் குண்டு பட்டபோதும் அவர்களுக்குள் என்ன வித்தியாசம் இருந்தது? எங்கள் வீட்டு இரண்டு பெயர்களைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்தப் பெயர்களைப் படித்த பிறகுதான்.

பத்து வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. ஆராதனை முடிவதற்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்ட செய்தி வந்தது. மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் என்று ஒவ்வொரு குப்பமாகச் சொன்னார்கள். சங்கத்தின் அரிசியை விற்கவேண்டாம், அப்படியே கொண்டுபோகலாம் என்று ஆயாதான் சொன்னது. சிறுவயதில் தன்னைத் திண்ணைக்குப் பக்கத்தில் விடாத ஒரு குப்பத்துக்கு அந்த அரிசி போனது. எழுபது வயது தாண்டிய ஆயாவும் வண்டியில் போனது. அதைப் பற்றி அது கதை எதுவும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் இருக்கிறது: 26 படி, கையெழுத்து.

2024 நவம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. குழந்தையாக அவர் ஞானஸ்நானம் பெற்ற சர்ச் பதிவும் அதில் ஆதாரமாக வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியை யாரோ போட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லோரும் படித்தார்கள் என்பதை நீல டிக் காட்டியது.

சில மாதங்களில் ஆயா இறந்தது. சபைப் பதிவேட்டின்படி 94 வயது, ஆதாரின்படி 88. அடக்கம் சபைக் கல்லறையில் நடந்தது, அதில் பிரச்சினை இல்லை. நாற்பதாம் நாளுக்குப் பிறகு கல் வைக்கும் பேச்சு வந்தபோதுதான் வீடு இரண்டானது. மாமல்லபுரம் சிற்பப் பட்டறை ஒன்றில் கருங்கல் பலகைக்குச் சொல்லியிருந்தோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. என்ன பெயர் வெட்டவேண்டும் என்று அவர் கேட்டார். பெரியப்பா, "பேரே வேணாம், 'எங்கள் அம்மா'ன்னு போடு, போதும்" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. பேரப் பிள்ளைகளில் இரண்டு பேர் நேர்காணலுக்குக் காத்திருந்தார்கள். கல் நூறு வருஷம் நிற்கும், போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் போதும்.

அத்தை பேசவில்லை. ஆயாவின் ட்ரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் திறந்தது. மேலே வேதாகமம், பாட்டுப் புத்தகம். கீழே நூல் போட்டுக் கட்டிய ரசீதுகள், சபைச் சந்தா. சந்தா பாக்கி இல்லாதவர்களுக்குத்தான் கல்லறையில் இடம் என்று பழைய விதி. நாலணாவிலிருந்து ஆரம்பித்து மாசா மாசம், தாத்தா வேலையில்லாமல் இருந்த வருஷங்களிலும், தாத்தா செத்த மாசத்திலும், ஒன்று விடாமல் கட்டியிருந்தது. எல்லா ரசீதிலும் ஒரே பெயர். அத்தை பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணா, இது நம்ம குடுக்கிற பேரு இல்ல. அது காசு கட்டி வாங்கினது" என்றது.

பெரியப்பா அந்த ரசீதுகளை ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு பட்டறைக்கு அவரே போன் பண்ணினார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

இவ்வளவு எழுதியும் ஆயாவின் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். எழுதினால் யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடவேண்டிய நிலைமையில்தான் இன்னும் இருக்கிறோம். கல்லில் இருக்கிறது. செங்கல்பட்டில், வேப்ப மரத்துக்குப் பக்கத்து வரிசையில். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடும் போடச் சொன்னோம். அதற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார் சிற்பி.