கடற்கரை தந்த புதுக்குரல்

மன்னார் வளைகுடாவின் அலையோசை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். படகுக்குப் படகு கூவி அழைக்கும் குரல் எங்களுக்குப் புதிதன்று. ஆல்ப்ஸ் மலையில் மந்தை மேய்ப்போரும் இவ்வாறே தொலைவில் உள்ளோரைக் கூவி அழைப்பர். அடித்தொண்டையிலிருந்து குரல் சட்டென்று உச்சிக்குத் தாவி, மீண்டும் இறங்கும் அந்த முறைக்கு 'யோடலிங்' என்று பெயர்.

அதனைத் தமிழ்த் திரையில் பெயர்பெறச் செய்தவர் எங்கள் அண்டை ஊரினரே! 1927-இல் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஜே. பி. சந்திரபாபு. பனிமய அன்னையின் பெயர்தாங்கிப் பனிமயதாஸ் எனப்பட்டவர். கொழும்பில் வளர்ந்து, சென்னை வந்து, 1947-இல் 'தன அமராவதி' படத்தில் நடிகரானார். சிரிக்க வைத்தவர் பாடவும் தொடங்கினார்.

1965-இல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு தன் பாட்டில் நம் சித்தாரைச் சேர்த்தது. 'சைகடெலிக்' என்னும் புதுவகை ராக் இசைக்கும் நம் நாட்டு ஒலி துணையாயிற்று. அதற்கு முன்பே, 1950-களில், சந்திரபாபு மேல்நாட்டு ஒலியைத் தமிழுக்குள் கொணர்ந்துவிட்டார்.

மேல்நாட்டு இசை நமக்கெதற்கு என்று பெரியோர் கேட்பதுண்டு. கிதார் பழக விரும்பும் எங்களுக்கு அவர் பாட்டே விடை. குரல் எத்தனை தாவினாலும் தமிழ்ச்சொல் தெளிவாக ஒலிக்கிறது. தன்மொழியில் காலூன்றியவர் எங்கும் தாவலாம் அன்றோ!

படமெடுக்கப்போய்ப் பொருளிழந்து, குடியால் நலிந்து, 1974-இல் அவர் மறைந்தார். அவரது துணிவை நாங்கள் பெற்றுக்கொள்கிறோம். அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுகிறோம்.