சிரட்டையும் கிளாசும்

யாழ்ப்பாண நகரிலும் அதன் சுற்றயலிலும் கடந்த சில ஆண்டுகளாகப் புதிய உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிவருகின்றன. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்று, தென்னிலங்கையுடனான தரைவழிப் போக்குவரத்துச் சீரடைந்த பின்னர் ஏற்பட்ட மாற்றங்களுள் இதுவும் ஒன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர்கள், தெற்கிலிருந்து பஸ்களில் வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகள், மாதம் ஒருமுறையேனும் வீட்டு அடுப்புக்கு ஓய்வு கொடுக்க விரும்பும் உத்தியோகத்தர்கள் ஆகிய பலரையும் நம்பி இவை நடைபெறுகின்றன. இவற்றுட் சில, சோற்றையும் கறியையும் மட்டும் விற்பதில்லை. உண்பவர் வேறோர் உலகத்தில் இருப்பதான உணர்வையும் சேர்த்து விற்கின்றன. கப்பலின் உட்புறம் போலவும் புகையிரதப் பெட்டி போலவும் அமைக்கப்பட்ட உணவகங்கள் உலகின் பல நகரங்களில் உண்டு. நமது மண்ணில் இவ்வாறு எடுத்துக்கொள்ளப்படும் பொருள் பெரும்பாலும் ‘பழைய கிராமம்’ என்பதாகும்.

அத்தகைய உணவகமொன்று, மதுச்சாலையும் இணைந்தது, நகரின் எல்லையில் அண்மையில் திறக்கப்பட்டது. எமது பாடசாலையில் நீண்ட காலம் கணிதம் கற்பித்த மாஸ்ரர் ஒருவர் அறுபதாவது வயதில் ஓய்வுபெற்றபோது, அவருக்கு ஓர் இராப்போசனம் கொடுப்பதென்று ஆசிரியர்கள் எண்மர் தீர்மானித்தோம். இளம் ஆசிரியர்கள் அந்தப் புதிய இடத்தையே விரும்பினார்கள். மாஸ்ரர் மறுக்கவில்லை. “எங்கை எண்டாலும் எனக்குச் சரி. எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிட்டாக் காணும்” என்றார்.

வாயிலிலே கிடுகினால் வேய்ந்த சங்கடப்படலை. உள்ளே, சாணம் மெழுகியதுபோலத் தோன்றும் வண்ணம் நிறமூட்டப்பட்ட சீமெந்துத் தரை. பனையோலைக் கூரையின் கீழ் அரிக்கன் லாம்புகள், அவற்றினுள் மின்குமிழ்கள். முற்றத்தின் நடுவில் ஒரு துலாக் கிணறு. அதில் நீர் இல்லை. எனினும் அதன் அருகே நின்று கைத்தொலைபேசியிற் படம் எடுப்போருக்குக் குறைவில்லை. மதுச்சாலைப் பகுதியின் சுவரில் தளநாரும் பாளைக் கத்தியும் கள்ளு முட்டிகளும் தொங்கின. பரிமாறும் இளைஞர்கள் வேட்டி உடுத்து, சால்வையைத் தோளிற் போடாமல் இடுப்பிற் கட்டியிருந்தார்கள். அதுவே அவர்களுக்கு வழங்கப்பட்ட சீருடை. எங்கள் மேசைக்கு வந்தவன், எமது பாடசாலையில் உயர்தரம் படித்துப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவன்.

சுவரோரம் இருந்த மரத் தட்டொன்றிலே பழைய பாத்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நன்கு துலக்கிய பித்தளை மூக்குப்பேணி, அதனருகே சிரட்டை, பனையோலைப் பிளா, துருவேறிய தகரப் பேணி ஆகியன ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. ‘எங்கள் முன்னோரின் பாத்திரங்கள்’ என்று அவற்றின் கீழே ஓர் அட்டை எழுதி வைக்கப்பட்டிருந்தது.

உணவைப் பற்றிக் குறை கூறுவதற்கில்லை. ஒடியற் கூழ் உண்மையிலேயே சுவையாக இருந்தது. நண்டு, றால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி ஆகியவற்றைச் செத்தல் மிளகாயுடனும் பழப்புளியுடனும் அவித்து, ஒடியல் மாவைக் கரைத்து விட்டு இறக்குவது இக்கூழ். கடலில் உழைப்பவனின் தேட்டமும் பனையடியில் உழைப்பவளின் தேட்டமும் ஒரே பானையிற் சேரும் உணவு அது. குரக்கன் பிட்டும் கணவாய்க் கறியும் அவ்வாறே அமைந்திருந்தன. சமையலறையில் கைதேர்ந்த யாரோ ஒரு தாய் இருக்கிறார் என்பதை நாக்கே சொல்லிற்று.

பின்னர் கள்ளு வந்தது. போத்தலில் அடைத்த பனங்கள்ளைச் சிரட்டைகளில் ஊற்றி ஆளுக்கொன்றாக வைத்தான் அந்த மாணவன். இளம் ஆசிரியர்கள் ஆரவாரத்துடன் சிரட்டைகளைக் கையிலெடுத்தார்கள். மாஸ்ரர் தம் முன்னாலிருந்ததைச் சற்றே விலக்கி வைத்தார்.

“தம்பி, எனக்கு ஒரு கிளாசிலை தாரும்.”

“சேர், இஞ்சை எல்லாம் சிரட்டையிலைதான். அதுதான் இந்தக் கடையின்ரை விசேசம்.”

“விசேசம் இருக்கட்டும். எனக்குக் கிளாஸ் வேணும்.”

அவர் குரலிற் கோபம் இல்லை. வகுப்பறையில் ஒரு கணக்கை மீண்டும் செய்யச் சொல்லும் அதே நிதானந்தான் இருந்தது. மாணவன் தடுமாறி, முகாமையாளரை அழைத்து வந்தான். கிளாசிற் கொடுத்தால் இடத்தின் சூழல் கெட்டுவிடும் என்றும், வெள்ளைக்காரர்கூடச் சிரட்டையை விரும்பிக் கேட்கிறார்கள் என்றும் அவர் மிக்க மரியாதையுடன் விளக்கினார். “ஐயா, ஒருக்கா அதிலை குடிச்சுப் பாருங்கோ. பழைய ஞாபகங்கள் வரும்” என்று வற்புறுத்தவும் செய்தார்.

“ஓம், வருது. அதுதான் கிளாஸ் கேக்கிறன்” என்றார் மாஸ்ரர்.

முகாமையாளருக்கு விளங்கவில்லை. எங்கள் மேசையிலேயே சிலர் சிரித்தார்கள். ஈற்றில், சமையலறையில் வேலை செய்வோர் தண்ணீர் குடிக்கும் கிளாஸ் ஒன்று கழுவிக் கொண்டுவரப்பட்டது. மாஸ்ரர் தாமே அதில் கள்ளை ஊற்றிக் குடித்தார். கூழையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். விருந்து கலகலப்பாகவே நிறைவெய்தியது.

திரும்பும்போது அவரும் நானும் ஒரே ஓட்டோவில் வந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொல்லத் தொடங்கினார்.

“என்ரை அப்பு சீவல்தொழில் செய்தவர். அந்த நாளையிலை சந்தையடித் தேத்தண்ணிக் கடைக்குள்ளை எங்கடை ஆக்கள் போக ஏலாது. வெளியிலை நிண்டுதான் வாங்கவேணும். மற்றவைக்குக் கிளாஸ், எங்களுக்குச் சிரட்டை. இல்லாட்டித் தகரப் பேணி. குடிச்ச பேணியை நாங்களே கழுவி வேலியிலை கொளுவிப்போட்டு வரவேணும். பிறகு சண்டை பிடிச்சுக் கடையளைத் திறப்பிச்சினம். அப்பு என்னையும் கூட்டிக்கொண்டு போய், வாங்கிலை இருத்தி, ‘ரண்டு பிளேன்ரீ, கிளாசிலை’ எண்டு கேட்டவர். எனக்கு அப்ப ஏழு வயசிருக்கும். கிளாசைத் தூக்கேக்கை அவற்றை கை நடுங்கினதை நான் பாத்தனான்.”

சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பெடியனிலை எனக்கு ஒரு கோவமும் இல்லைத் தம்பி. அவனுக்கு ஆர் சொன்னது?” என்றார்.

‘அவனுக்கு ஆர் சொன்னது’ என்னும் அந்த வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

யாழ்ப்பாணச் சமுதாயத்தில் ஒருவன் எந்தப் பாத்திரத்தில் அருந்துகிறான் என்பது அவனது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இருந்ததில்லை. வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே அமைந்தது மூக்குப்பேணி. அது வீட்டினுள்ளே இருந்தோருக்கும் அவர்தம் விருந்தினருக்கும் உரியது. வளவில் வேலை செய்ய வந்தவனுக்கு உரியவை சிரட்டையும் பிளாவும். அவையும் இல்லையேல், குவித்த கையே அவனது பாத்திரம். உணவகத்தின் மரத் தட்டில் இன்று தோழமையோடு நிற்கும் மூக்குப்பேணியும் சிரட்டையும் அன்று ஒரே தட்டில் நின்றதில்லை. கிணற்றின் கதையும் அதுவே. குடத்துடன் வந்து, துலாவைத் தொட உரிமையின்றி, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை எட்ட நின்ற பெண்கள் எத்தனையோ பேர். தோளிற் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பிற் கட்டுவது, உயர்ந்தோர் எனப்பட்டவர் முன்னிலையில் தாழ்த்தப்பட்டவன் காட்டவேண்டிய பணிவின் அடையாளமாக இருந்தது. அந்த அடையாளத்தைத்தான் எமது மாணவன் சீருடையாக அணிந்து நின்றான்.

இந்நிலை தானாக மாறவில்லை. 1924ஆம் ஆண்டிலே தொடங்கிய இயக்கம், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது, சமபந்திப் போசனங்களை நடத்திச் சாதி வேற்றுமையை எதிர்த்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, அதனைப் பொறுக்கமாட்டாதவர்கள் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியைக் காரணங் காட்டிக் கடையிலோ உணவகத்திலோ ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் புத்தகத்தில் இருந்தது. சிரட்டை வேலியிலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்ட மக்கள் பொலிசாரின் அடியைத் தாங்கினார்கள். அதன்பின் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் வழிநடத்தலில் ஊரூராகத் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் போராட்டங்கள் நடந்தன. அப்போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. அந்த மக்களின் வாழ்வைக் கே. டானியல் ‘பஞ்சமர்’ என்னும் நாவலில் எழுதி வைத்தார். ஒரு கிளாஸ் தேநீருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது.

மதுச்சாலைச் சுவரில் தொங்கிய தளநாருக்கும் ஒரு வரலாறு உண்டு. காலையும் மாலையும் தவறாது மரமேறிப் பாளையைச் சீவாவிட்டால் கள்ளு இல்லை. தளநாரைக் காலிற் பூட்டி, நெஞ்சை மரத்தோடு உரசி ஏறியிறங்கும் அவ்வுழைப்பில் கால் தவறியவர்கள் மீண்டும் எழுந்து நடப்பது அரிது. முட்டியில் விழுந்த சில மணி நேரத்திலேயே கள்ளு புளிக்கத் தொடங்கிவிடுவதால், விலை பேசிக் காத்திருக்கும் வசதி தொழிலாளிக்கு என்றும் இருந்ததில்லை. தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவன் சொன்னதே விலை. 1970களில் அமைந்த கூட்டுறவுச் சங்கங்கள் இப்பிடியைத் தளர்த்தின. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் தோன்றியது. அதன்பின் வந்த யுத்தத்தில் எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. இத்தனையையும் தாண்டி இன்றும் மரமேறுபவனின் பிள்ளை, அவ்வுணவகத்துக்குச் சென்று ஒரு சிரட்டைக் கள்ளை விலை கொடுத்து வாங்க முடியுமா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே அதன் விலை, தவறணையில் ஒரு போத்தலின் விலையைவிட அதிகம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைப்பற்றிப் பேச்சு எழுந்தது. இளம் நண்பர் ஒருவர் தர்க்கித்தார்: “அண்டைக்கு ஒரு பகுதிக்கு மட்டும் சிரட்டை. இண்டைக்குப் பணக்காரனும் வெள்ளைக்காரனும் அதிலைதான் குடிக்கினம். இது வெற்றி இல்லையோ?” இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சாதி கேளாமல் ஒரே மேசையில் எண்மர் அமர்ந்து உண்டோமே, அது வெற்றிதான். அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சிரட்டை நல்ல பொருள். ஓலைப் பிளாவில் கூழ் குடிப்பதில் தனிச் சுவை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கிளாஸ் கிடைக்கும் என்று தெரிந்தும் சிரட்டையை விரும்புகிறவன் வேறு. கிளாஸ் கேட்டால் உதை விழும் என்று தெரிந்து சிரட்டையை ஏந்தியவன் வேறு. முன்னவனின் பொழுதுபோக்குக்காகப் பின்னவனின் கதையை அழித்துவிடுவது நியாயமாகாது. அழிக்கவேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பழமையின் அழகை மட்டும் பொறுக்கி எடுத்து, அதன் வலியை விட்டுவிடும்போது அது தானாகவே அழிந்துவிடுகிறது. பின்னர், சங்கடப்படலையும் துலாவும் கூழும் நிறைந்த, யாரும் யாரையும் விலக்கி வைக்காத ஒரு கிராமம் இருந்ததாக அடுத்த தலைமுறை நம்பத் தொடங்கும். இல்லாத அக்கிராமத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று மேடைகளில் பேசுவோரும் தோன்றுவர்.

உணவகத்தை மூடவேண்டும் என்பது என் கருத்தன்று. அங்கு வேலை செய்யும் இளைஞர்களுக்கு அச்சம்பளம் தேவை. சமையலறையிலுள்ள அத்தாய்க்கும் தேவை. ‘எங்கள் முன்னோரின் பாத்திரங்கள்’ என்னும் அட்டையில் இன்னும் இரண்டு வரிகள் சேர்ப்பதற்கு அதிகம் செலவாகாது: எந்த முன்னோருக்கு எந்தப் பாத்திரம் கொடுக்கப்பட்டது, அவ்வழக்கம் எவ்வாறு ஒழிக்கப்பட்டது என்னும் இரண்டு வரிகள். உண்ண வருவோர் அதைப் படித்துவிட்டும் கூழைச் சுவைத்துக் குடிப்பார்கள். சால்வையை அவ்விளைஞர்கள் தோளிலே போட்டுக்கொள்ளட்டும்.

கடைக்காரர் எழுதாவிட்டாலும் வகுப்பறைகளில் நாம் எழுதலாம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இத்தவணையில் ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்: அவரவர் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் வெளியே எங்கே, எதில், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று கேட்டு எழுதவேண்டும். இதுவரை பதினான்கு கொப்பிகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்பதில் சிரட்டை வருகிறது. மற்ற ஐந்தில், சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, “ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன், அம்மம்மா பதில் சொல்லவில்லை” என்று முடிகிறது. அந்தக் கொப்பிக்கு நான் இன்னும் புள்ளி இடவில்லை. எல்லாக் கொப்பிகளும் வந்து சேர்ந்ததும், அவற்றை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கவிருக்கிறோம்.