ஞாயிறு முற்பகலும் ஏழு குழிச் சட்டியும்

கிழமையில் ஐந்து நாள் நம் வீடுகளிற் காலையுணவு விழுங்கப்படுகின்றதேயன்றி உண்ணப்படுவதில்லை. ஏழரை மணிக்குக் கல்லூரி மணி அடித்துவிடும். அதற்கு முன்னர்ப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, சப்பாத்துத் தேடி, புத்தகப் பையை அடுக்கி, வாசலில் நின்றபடியே ஒரு துண்டு பாணைக் கையிற் கொடுத்து அனுப்புதலே பெரும்பாலான தாய்மாரின் நிலை. சனிக்கிழமையைத் தனியார் வகுப்புகள் விழுங்கிக்கொள்கின்றன. எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. அந்த ஒரு நாளிலாவது வீட்டார் யாவரும் ஒருங்கிருந்து, ஆறுதலாக, உடலுக்கு உறுதி தரும் உணவொன்றை உண்ணல் கூடாதா என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

காலையுணவையும் மதியவுணவையும் ஒன்றாக்கி முற்பகலில் உண்ணும் வழக்கம் ஆங்கிலேயரிடையே உண்டு. ‘பிரஞ்ச்’ என்று அதற்குப் பெயர். 1895ஆம் ஆண்டிற் கை பெரிங்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒரு சஞ்சிகையில் இவ்வுணவுக்காகப் பரிந்து கட்டுரை வரைந்தார். சனி இரவைக் கேளிக்கையிற் கழித்து ஞாயிறு பிந்தி எழுவோருக்கு இது பெரிதும் ஏற்றது என்பது அவர் வாதம். நம் நிலை வேறு. எங்கள் வீட்டில் ஞாயிறன்றும் ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். கோயிலுக்குச் சென்று, பிள்ளைகளின் அறநெறி வகுப்பும் முடிந்து, எல்லோரும் வீடு திரும்பும்போது மணி பத்தாகிவிடும். அவ்வேளையில் எழும் பசி உண்மையான பசி. அதற்கு இடும் உணவும் உண்மையானதாய் இருத்தல் வேண்டும்.

ஆனால் ஒரு வீட்டில் ஐந்து வயிறுகள் இருப்பின் ஐந்து நியாயங்கள் உண்டு. என் மூத்த மகளுக்கு வயது பதினான்கு. சென்ற ஆண்டு அவள் அடிக்கடி களைத்துச் சோர்ந்ததனால் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். குருதியில் இரும்புச்சத்துக் குறைவு என்று கண்டு அவர் மாத்திரை தந்தார். உணவையும் கவனிக்கச் சொன்னார். அவளோ கீரையைத் தட்டின் ஓரத்திற்கு ஒதுக்கி வைப்பதில் வல்லவள். இளைய மகனுக்கு வயது ஒன்பது. கையால் எடுத்து வாயிற் போடக்கூடியது எதுவோ அதுவே அவனுக்கு உணவு. என் மனைவி அரச அலுவலகமொன்றிற் பணிபுரிகின்றார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலே இரு முறை அடுப்பு மூட்டுதல் பெரும் பாரம்.

எல்லோருக்கும் மேலாக என் தாயார். எழுபத்தெட்டு வயதைக் கடந்தவர். சிறுவயது முதற் சைவ உணவே உண்டவர். முட்டையை மச்சமென்று விலக்குபவர். மேல்வாய்ப் பற்கள் பல போய்விட்டன. அதனால் நாங்கள் மேசைக்கு வருமுன்னரே அடுக்களை மூலையில் இருந்து, தேநீரில் இரண்டு விசுக்கோத்துகளைத் தோய்த்து உண்டு தம் காலையை முடித்துக்கொள்வார். “தம்பி, முட்டை மணக்கிற மேசையிலை எனக்கென்ன வேலை? நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ” என்பார். அச்சொல்லிற் கோபமில்லை. ஆயினும் அவர் மேனி மெலிந்துகொண்டே வந்தது. முதுமையிலே தசை கரையும். புரதம் போதாவிடின் இன்னும் விரைவாகக் கரையும். எழுந்து நிற்கக் கதிரையின் கையைப் பற்றவேண்டிய நிலை அவருக்கு வந்திருந்தது.

இந்நிலையில் என் மனைவியின் தமக்கையார் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்தபோது குழிப்பணியாரச் சட்டி ஒன்றைக் கொணர்ந்து தந்தார். செட்டிநாட்டிற் பெயர்பெற்ற பணியாரத்துக்கு உரிய இரும்புச் சட்டி அது. ஏழு குழிகள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய தேக்கரண்டி மாவைக் கொள்ளும். இவ்வகைச் சட்டி தமிழருக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கர் இதிற் பொங்கனாலு சுடுவர். டென்மார்க்கு நாட்டார் இத்தகைய சட்டியில் ‘எப்லஸ்கீவர்’ என்னும் உருண்டைப் பணியாரத்தைச் சுடுவர். யப்பானியர் கணவாய் இனத்து உயிரொன்றின் துண்டை உள்ளே வைத்துத் தக்கோயாக்கி செய்வர். இதில் முட்டையையும் மரக்கறியையும் சேர்த்து ஒருவாய் உருண்டைகளாகச் சுட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று.

முட்டையும் மரக்கறியும் சேர்வது நாவின் இன்பத்துக்காக மட்டுமன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. விற்றமின் ஏ, டி, பி12 முதலியனவும் உண்டு. ஆனால் விற்றமின் சி அதில் இல்லை, நார்ப்பொருளும் இல்லை. மஞ்சட் கருவில் இரும்பு உண்டெனினும் அது எளிதில் உடலிற் சேர்வதில்லை. முட்டையில் இல்லாதவற்றை மரக்கறியும் கீரையும் தருகின்றன. அவற்றிலுள்ள கரட்டினை உடல் ஏற்பதற்குக் கொழுப்புச் சிறிது வேண்டும். அதனை மஞ்சட் கரு தருகின்றது. ஒன்றன் குறையை மற்றது நிரப்புவதால் இரண்டும் நல்ல துணைகள் எனலாம். முருங்கையிலையை முட்டையோடு வறைசெய்து பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுத்த நம் பாட்டிமார் இதனை விஞ்ஞானம் படித்தா அறிந்தனர்?

செய்முறையைக் கூறுகின்றேன். ஆறு முட்டைக்கு அரிந்த மரக்கறி 2 கோப்பை போதும். சனி மாலையில் திருநெல்வேலிச் சந்தையில் எது மலிவோ அதுவே எங்கள் மரக்கறி. பெரும்பாலும் ஒரு கரட், லீக்ஸ் ஒரு தண்டு, ஐந்தாறு போஞ்சி, கைப்பிடியளவு முருங்கையிலை, எட்டுச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை. எல்லாவற்றையும் மிகச் சிறிதாக அரிதல் வேண்டும். தாச்சியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு முதலில் வெங்காயத்தையும் பின்னர் ஏனையவற்றையும் வதக்குக. கீரையை இறுதியிற் சேர்க்க. நீர் வற்றும்வரை வதக்குதல் முக்கியம். மரக்கறியைப் பச்சையாய்ச் சேர்ப்பின் அதிலுள்ள நீர் பிரிந்து உருண்டையைச் சொதசொதப்பாக்கிவிடும்.

வதக்கியது ஆறியபின் அடித்த முட்டையிற் கலந்து, தேங்காய்ப்பூ 2 மேசைக்கரண்டி, மிளகுதூள், சிறிது மஞ்சள், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேர்க்க. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாய் இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆதலால் உப்பிற் கைநீளம் வேண்டாம். சட்டியின் குழிதோறும் இரண்டு துளி எண்ணெய் விட்டு, சூடேறியதும் கலவையை முக்காற் குழிக்கு ஊற்றி, மூடி, மெல்லிய தீயில் மூன்று நான்கு நிமிடம் விடுக. ஓரம் இறுகியதும் மூங்கிற் குச்சியால் திருப்பி மேலும் இரண்டு நிமிடம் வேகவிடுக. தீ மிகுந்தால் முட்டை இறுகி இறப்பர் போலாகும். எனினும் நடுப்பாகம் நன்கு வேகாமல் எடுத்தலும் ஆகாது. வேகாத முட்டையிற் சல்மொனெல்லா என்னும் பற்றீரியா இருக்கக்கூடும். சிறுவர், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அது பெருந்துன்பம் தரும். ஆறு முட்டையில் ஏறத்தாழ 20 உருண்டைகள் கிடைக்கும்.

குழிச் சட்டி இல்லாதவர் வருந்தவேண்டியதில்லை. இதே கலவையை இட்டலித் தட்டில் ஊற்றி அவிக்கலாம். தாச்சியிற் கனமாகச் சுட்டுச் சதுரங்களாக வெட்டலாம். இசுப்பானியர் உருளைக்கிழங்கு முட்டைப்பொரியலை இவ்வாறே சிறு துண்டுகளாக்கிப் பரிமாறுகின்றனர். பாரசீகர் புத்தாண்டு நாளிற் கீரைகளை மிகுதியாய்ச் சேர்த்துச் செய்யும் ‘குக்கு’ என்னும் உணவிலும் முட்டை கீரைகளைப் பிணைக்கும் பசையாக மட்டுமே நிற்கும். அந்த அளவு நமக்கும் நல்ல வழிகாட்டி.

மகளுக்கும் மகனுக்கும் இவ்வாறு வழி பிறந்தது. ஒருவாய் உருண்டையிலிருந்து கீரையைப் பிரித்து ஒதுக்கி வைக்க எவராலும் இயலாதன்றோ? ஆனால் அம்மா மூலையிலேயே இருந்தார். முட்டை பட்ட சட்டியில் அவருக்கென ஒன்றும் சுடுதல் முறையன்று. அது அவர் ஆயுள்முழுதும் காத்த நியமத்தைச் சிறிதாக்குவதாகும். ஆகவே மைத்துனியாருக்கு எழுதி இரண்டாவது சட்டி ஒன்றை வருவித்தேன். புதிய இரும்புச் சட்டியை எண்ணெய் தடவிப் பலமுறை சூடாக்கிப் பழக்குதல் வேண்டும். அவ்வேலையை அவர் கண்முன்னேயே செய்தேன்.

“இதிலை முட்டை பட்டதோ?” என்று கேட்டார்.

“இல்லை அம்மா. இது உங்களுக்கெண்டே வந்தது” என்றேன். அவர் ஒன்றும் கூறவில்லை. சட்டியை வாங்கித் தம் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

அவருக்கான கலவை இது. பாசிப்பயறு 1 கோப்பையை ஆறு மணிநேரம் ஊறவைத்து, இஞ்சி, சீரகம் சேர்த்துச் சற்று நீருடன் மென்மையாய் அரைத்தல் வேண்டும். வதக்கிய மரக்கறியில் ஒரு பங்கை முட்டை சேருமுன்னரே எடுத்து இதிற் கலந்து, அவ்வாறே குழியில் ஊற்றிச் சுடலாம். நூறு கிராம் உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. மூடிச் சுடுவதனால் உள்ளே பஞ்சுபோல் இருக்கும், பல் வேண்டியதில்லை. அம்மாவின் சட்டியே முதலில் அடுப்பேறும். அது இறங்கியபின்னரே முட்டைச் சட்டி ஏறும். மேசையில் அவருக்கு யன்னலோரம் இடம்.

முதல் ஞாயிறு இரண்டு உண்டார். மூன்றாம் ஞாயிறு, “இஞ்சி காணாது” என்றார். அச்சொல்லைக் கேட்டு என் மனைவி என்னைப் பார்த்து நகைத்தார். குறை சொல்லும் அளவுக்கு அம்மாவுக்கு உணவில் நாட்டம் வந்துவிட்டதன்றோ! இப்பொழுது பயற்றைச் சனியிரவில் ஊறவைப்பவர் அவரே. ஞாயிறு மட்டும் போதாதென்று புதன்கிழமையும் அரைக்கச் சொல்கின்றார். கதிரையின் கையைப் பற்றாது எழுகின்றார் என்று நான் கூறமாட்டேன். ஆனால் எழுந்து மேசைக்கு வருகின்றார். மகள் வைத்தியர் தந்த மாத்திரைகளை உண்டு முடித்தாள். அண்மையிற் செய்த குருதிச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. அதன் பெருமை மாத்திரைக்கே உரியது. அந்நிலை மீண்டும் சரியாதிருக்கத் துணைபுரிவதே உணவின் கடமை.

இங்கே இரண்டு செய்திகளைக் குறித்தல் நலம். முதலாவது, தேநீர். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் அதிலுள்ள பொருள்கள் கீரையின் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். நாங்கள் தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிவைத்து, உணவோடு தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ கொள்கின்றோம். அவற்றின் விற்றமின் சி இரும்புக்குத் துணைசெய்யும். இரண்டாவது, முட்டை பற்றிய அச்சம். 1968இல் அமெரிக்க இருதயச் சங்கம் கிழமைக்கு மூன்று மஞ்சட் கருவுக்கு மேல் வேண்டாமென்றது. 2015–2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி, உணவிற் கொலஸ்திரோலுக்கு முன்னர் விதித்திருந்த நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கைவிட்டது. நலமுடையோர் அளவோடு உண்ணலாமென்பதே இன்றைய பொதுக்கருத்து. நீரிழிவும் இருதய நோயும் உடையோர் தம் வைத்தியரைக் கேட்டு நடப்பதே முறை.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், ஏனைய விரத நாட்களிலும் முட்டைச் சட்டி எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும். அந்த ஞாயிறுகளில் யாவரும் அம்மாவின் சட்டிக்கே விருந்தினர். அவர் கையாலேயே பரிமாறுவார். யார் எத்தனை உண்டனரென்று மகன் உரத்து எண்ணுவான்.

முற்பகல் பத்தரைக்கு இவ்வாறு உண்டால் மதியச் சமையல் வேண்டியதில்லை. பிற்பகல் நான்கு மணிக்குக் குத்தரிசிச் சோறும் ஒரு கறியும் போதும். வீட்டுத் தலைவிக்கு இடையில் நான்கு மணிநேரம் ஓய்வு கிடைக்கின்றது. ஆடவர் மரக்கறி அரிந்தால் இன்னும் ஒரு மணிநேரம் கூடும். அரிதலாற் கை தேய்ந்தவர் எவருமிலர்.

உணவைச் சிறிதாகச் செய்தல் வெறும் அலங்காரமென்று பலர் எண்ணுவர். பல் முளைத்தவனுக்கும் பல் விழுந்தவருக்கும், முட்டை உண்பவருக்கும் விலக்குபவருக்கும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இடமளிப்பது அச்சிறுமையே. வாசக நேயர்காள், உங்கள் வீட்டிலும் உணவு வேளையில் மூலையில் தனித்திருந்து தேநீரில் விசுக்கோத்துத் தோய்ப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். வரும் சனியிரவே ஒரு கோப்பைப் பயற்றை ஊறவையுங்கள்.