அடிபடாத முயல்

டெக்சாஸ்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருந்த காலம். ஒரு ஏப்ரல் வெள்ளிக்கிழமை ஆபீஸ் நண்பர், "நாளைக்கு மாமனாரோட ஆட்டுப் பண்ணைக்கு வர்றியா? கயோட்டி கூப்பிடப் போறோம்"னார். கயோட்டின்னா நம்மூர் குள்ளநரிக்கு அண்ணன் மாதிரி. அதைத் தேடி அலையாம, நம்மைத் தேடி வரவைக்கிறதுதான் இந்த வேட்டை.

கையில ஒரு சின்னக் குழல். ஊதினா அடிபட்ட முயல் கத்தற சத்தம் வரும். கைக்குழந்தை வீறிடற மாதிரியே இருக்குங்க! விசால வந்தவன் வேட்டை லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியைத் தொட முடியாது. அதனால எனக்குக் குழல் உத்தியோகம்.

கயோட்டி அதிகாலையிலயும் ராத்திரியிலயும் நல்லா சுத்தும். வெயில் ஏறினா புதர்ல படுத்துடும். பகல்ல தூரத்துல இருந்து ஊதினா எழுந்து வர சோம்பல்படும், நாமதான் கிட்டப் போகணும். அதனால வண்டிக் கதவைக்கூட அறையாம சாத்திட்டு, எதிர்காத்துல நடந்து, வெயில் முதுகுல அடிக்கற மாதிரி மெஸ்கீட் நிழல்ல உட்கார்ந்தோம். (மெஸ்கீட் வேற யாருமில்ல, நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி.) முதல்ல சன்னமா ஊதணும், பக்கத்துலயே படுத்திருந்தா மிரண்டுடும். அரை நிமிஷம் ஊதி, ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கணும். இருபது நிமிஷத்துல வரலைன்னா அடுத்த இடம்.

வந்தாலும் நேரா வராது. சுத்தி வந்து, நம்ம மேல பட்டுப் போற காத்தை மோந்து பார்க்கும். அந்தப் பக்கம் பார்த்துதான் ரைபிள் உட்காரணும். மூணாவது இடத்துல காத்து திசை மாறி, அந்தப் பக்கம் என் பக்கமாயிடுச்சு. நண்பருக்கு நடுவுல புதர். ஏதாவது தெரிஞ்சா அவர் காலைத் தட்டணும்னு ஏற்பாடு.

வந்துச்சு. நாப்பது அடி இருக்கும். விலா எலும்பு தெரியுது, மடி தொங்குது. எங்கேயோ குட்டிங்க காத்திருக்கு. என் பொய்யை நம்பி வந்து நிக்குது.

நான் தட்டலை. மூக்கைத் தூக்கிச்சு, ஒரே பாய்ச்சல், காணோம்.

"ஏதாச்சும் பார்த்தியா?"

"இல்லை."

சாயங்காலம் மாமனார் பட்டிக்குக் கூட்டிட்டுப் போனார். தொண்டையில கடிபட்டு ஒரு ஆட்டுக்குட்டி கிடந்தது. பக்கத்துல அதோட தாய் கத்திக்கிட்டே நின்னது. எங்க வீட்டுலயும் ஆடு வளர்த்திருக்காங்க, அந்தக் கத்தல் எனக்குத் தெரியும். பெரியவர் ஒண்ணும் சொல்லலை, சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ்ல நண்பர் சொன்னார், இன்னும் ரெண்டு குட்டி போச்சாம். "அடுத்த சனிக்கிழமையும் வா, நீ நல்லா ஊதறே"ன்னார்.