மாங்குளத்துச் சந்தியும் தங்கப் பனையும்

வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கண்டி வீதி நமக்குப் புதியதன்று. எத்தனையோ முறை அதன் வழியே சென்றிருக்கிறோம். பாதி முறை பஸ் வண்டியின் ஆட்டத்திலே கண்ணயர்ந்து, வன்னியின் காடுகளைக் காணாமலே கிளிநொச்சியில் இறங்கியுமிருக்கிறோம். ஆயினும் சென்ற ஆவணி விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அதே வீதியிற் சென்றபோது ஒரு நிமிஷமும் உறங்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு திரைப்படம்.

முந்திய இரவு வவுனியாவில் உறவினர் வீட்டிலே தங்கியிருந்தோம். தொலைக்காட்சியில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ காட்டினார்கள். மணிரத்னம் இயக்கி 2002ஆம் ஆண்டிலே வெளிவந்த படம். ஒன்பதாவது பிறந்த நாளன்று, தான் வளர்ப்பு மகள் என்பதை அறிந்துகொள்ளும் அமுதா என்னும் சிறுமி, பெற்ற தாயைத் தேடிச் சென்னையிலிருந்து இலங்கைக்கு வருகிறாள். அவள் தாயின் ஊர் மாங்குளம். நம் வீட்டுச் சின்னவளுக்கும் வயது ஒன்பதுதான். படம் முடிந்ததும் அவள் கேட்டாள்:

“அப்பா, மாங்குளம் எங்கே இருக்கிறது?”

“நாளைக் காலையில் நாம் போகும் வழியிலேதான்.”

அதன்பின் அவள் உறங்க வெகு நேரமாயிற்று.

காலையில் பஸ் புறப்பட்டது. ஓமந்தையைத் தாண்டியதும் வீதியின் இரு மருங்கும் காடு நெருங்கி வந்தது. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கும் வன்னிக் காடு. சற்றுத் தள்ளிப் புகையிரதப் பாதை நம்மோடு கூடவே வந்தது. 1990ஆம் ஆண்டில் வவுனியாவோடு நின்றுபோன யாழ் தேவி, 2013ஆம் ஆண்டிலேதான் மீண்டும் கிளிநொச்சியை எட்டிப் பார்த்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் தண்டவாளமில்லாத பாதையாகக் கிடந்த இடம் இது என்று மூத்தவனுக்குச் சொன்னோம். பத்தாந் தரத்தில் படிக்கும் அவன், தான் பிறப்பதற்கு முந்திய காலத்துச் செய்தியென்று பெரிய மனிதரைப்போலத் தலையை ஆட்டினான்.

புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. “மாங்குளம்!” என்று நடத்துநர் குரல் கொடுத்தபோது சின்னவள் நம் கையைப் பற்றியிழுத்தாள். அடுத்த பஸ்ஸிற் போகலாமென்று இறங்கிவிட்டோம்.

மாங்குளம் ஒரு நாற்சந்தி. வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, மேற்கே துணுக்காய். கடைகள் சில, புகையிரத நிலையம் ஒன்று, வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் மனிதர்கள். சின்னவள் நாற்புறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வாடியது.

“படத்தில் வந்த இடம் இங்கே இல்லையே?”

உண்மையைச் சொல்வதே முறையென்று தோன்றியது. அந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்தில் இங்கு வந்து படம் பிடிக்கக்கூடிய நிலைமை இருக்கவில்லை. ஆகவே படத்திலே காணும் மாங்குளம் இந்திய மண்ணிலே ஆக்கப்பட்ட மாங்குளம். இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பொய் மாங்குளத்துக்கா பரிசு கொடுத்தார்கள்?”

பரிசு கொடுத்தது மெய்தான். இந்திய அரசின் ஐம்பதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் அந்தப் படம் ஆறு விருதுகளைப் பெற்றது. அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குக் குழந்தை நட்சத்திரத்துக்கான விருது கிடைத்தது. உலகப் பட விழாக்கள் பலவற்றிலும் அது காட்டப்பட்டது. “பட விழா என்றால் என்ன?” என்று அடுத்த கேள்வி பிறந்தது. தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் விளங்குமாறு சொல்லத் தொடங்கினோம். இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் அது பயன்படுமென்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

பட விழா என்பது ஒரு வகையில் நம் கோயில் திருவிழாவைப் போன்றது. குறித்த ஊரிலே, குறித்த நாட்களில், ஆண்டுதோறும் கூடுவார்கள். பல நாடுகளிலிருந்து புதிய படங்கள் வந்துசேரும். அவற்றை எடுத்தவர்கள், நடித்தவர்கள், எழுதுபவர்கள், வாங்கி விற்பவர்கள், வெறுமனே பார்த்து மகிழ்பவர்கள் எல்லாரும் வருவார்கள். இன்னொரு வகையில் அது நமது பாடசாலைகளின் தமிழ்த் தினப் போட்டியைப் போன்றது. வருகின்ற எல்லாப் படங்களும் மேடை ஏறுவதில்லை. முதலில் ஒரு தெரிவுக் குழு இருந்து பார்க்கிறது. நூற்றுக்கணக்கில், சில விழாக்களில் ஆயிரக்கணக்கில் வருபவற்றுள் ஏறத்தாழ இருபது படங்களை மட்டும் பிரதான போட்டிக்கு எடுக்கிறது. பின்னர் நடுவர் குழு அத்தனையையும் பார்த்து, கதவடைத்துப் பேசி, முடிவு செய்கிறது.

“நடுவர்கள் வேறாக இருந்தால் முடிவும் வேறாகுமா?” என்று கேட்டான் மூத்தவன். பேச்சுப் போட்டியில் கோட்ட மட்டத்திலே வென்று வலய மட்டத்திலே தோற்றவன் அவன்.

“ஆகக்கூடும்” என்றோம். பரிசு என்பது சில மனிதர்கள் சில நாட்களில் செய்த தீர்ப்பு. நல்ல தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் அதுவே கடைசித் தீர்ப்பன்று.

உலகத்துப் பட விழாக்களுள் மூத்தது இத்தாலியின் வெனிஸ் நகரத்து விழா. அது 1932ஆம் ஆண்டிலே தொடங்கியது. அங்கே கொடுப்பது தங்கச் சிங்கம். 1951ஆம் ஆண்டிலே தொடங்கிய பெர்லின் விழாவிற் கொடுப்பது தங்கக் கரடி. சுவிற்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை. இந்தியாவின் சர்வதேச விழாவில் தங்க மயில். காட்டு விலங்குகளின் பெயர்களைக் கேட்கக் கேட்கச் சின்னவளின் கோபம் தணிந்தது. “மயில் நம்மிடமே இருக்கிறதே!” என்றாள். காலையில் வீதியோரத்திலே இரண்டு மயில்களைக் கண்டிருந்தாள்.

அந்தத் தங்க மயில் நம் நாட்டுக்கு வந்ததுமுண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘கம்பெரலிய’ என்னும் சிங்களப் படம் 1965ஆம் ஆண்டில் புதுடில்லி விழாவிலே அதைப் பெற்றது. அவர் தென்னிலங்கைக் கிராமத்து வாழ்க்கையை, அந்தக் கிராமப்புறத்துக்கே சென்று படம் பிடித்தவர்.

எல்லா விழாக்களிலும் பெயர் பெற்றது பிரான்ஸ் தேசத்தின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரத்து விழா. அதை 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்குவதென்று நாள் குறித்திருந்தார்கள். அதே நாளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. விழா நின்றது, 1946ஆம் ஆண்டிலேதான் உண்மையில் நடந்தது. போர் வந்தால் திருவிழாக்கள் நின்றுபோகும் என்பதை வன்னிப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கான் விழாவின் முதற் பரிசுக்குத் தங்கப் பனை என்று தமிழ்ப் பத்திரிகைகள் பெயர் வைத்திருக்கின்றன. 1955ஆம் ஆண்டிலே முதன்முதலாக வழங்கப்பட்டது. கைத்தொலைபேசியில் அதன் படத்தைக் காட்டினோம். பளிங்குப் பீடத்தின்மேல் பொன்னாலான ஓர் ஓலை. பதினெட்டுக் கரட் பொன். நிறை 118 கிராம். நமது கணக்கில் பதினைந்து பவுணுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் இருவரும் உற்றுப் பார்த்தனர்.

“இது பனையோலை இல்லையே” என்றாள் சின்னவள். “விசிறிபோல விரிந்தல்லவா இருக்கும்? இது ஈச்சோலை.”

தேநீர்க் கடைக்காரரும் எட்டிப் பார்த்து, “பிள்ளை சொல்வது சரி” என்றார். நாமும் ஒப்புக்கொண்டோம். அந்த ஓலை கான் நகரத்துச் சின்னத்திலே உள்ள ஓலை, நமது கற்பகதருவன்று. ஈச்சம் பற்றையையும் பனையையும் தினமும் பார்த்து வளரும் பிள்ளைக்கே அந்த வேறுபாடு ஒரு பார்வையிலே தெரியும்.

அந்தத் தங்க ஓலை ஒரு முறை தமிழ் பேசும் படத்துக்குக் கிடைத்தது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த ‘தீபன்’ அதைப் பெற்றது. வன்னியிலே போர் முடிந்து அப்போது ஆறு ஆண்டுகள்தாம் சென்றிருந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்த ஓர் ஆணும், ஒரு பெண்ணும், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச் சீட்டுகளைக் கொண்டு, தாமே அந்தக் குடும்பமென்று சொல்லிப் பிரான்சுக்குப் போகிறார்கள். ஒருவருக்கொருவர் அந்நியரான அவர்கள் மெய்யாகவே ஒரு குடும்பமாக முடியுமா என்பதே கதை. அது பெரியவர்கள் பார்க்க வேண்டிய படமாதலால் பிள்ளைகளுக்குக் கதையை மட்டுமே சொன்னோம்.

தீபனாக நடித்தவர் அந்தோனிதாசன் யேசுதாசன். ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர். தாமும் அகதியாகப் பிரான்சுக்குச் சென்றவர். உடன் நடித்தவர்கள் சென்னை நாடக மேடையிலிருந்து வந்த காளீஸ்வரி சீனிவாசனும், சிறுமி குளோடின் விநாசித்தம்பியும். படத்தின் பேச்சிற் பெரும்பகுதி தமிழ். இயக்கியவருக்குத் தமிழ் தெரியாது. ஜோயல், ஈதன் என்னும் கோயன் சகோதரர்கள் தலைமை தாங்கிய ஒன்பது பேர் கொண்ட நடுவர் குழுவிலும் தமிழர் எவரும் இல்லை. நமது மொழியைத் திரையின் அடியிலே ஓடும் எழுத்துக்களால் மட்டும் அறிந்துகொண்டு, அந்தத் துயரத்தைத் தமதாக உணர்ந்தார்கள். பட விழாவின் பெரிய பயன் இதுதானென்று சொன்னோம். நம்மை ஒருபோதும் கண்டிராத மனிதரை, இரண்டு மணி நேரம் நம்மோடு உட்காரச் செய்கிறது.

மூத்தவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அந்தப் படத்தில் வரும் வன்னியாவது வன்னிதானா?” என்றான்.

அதுவுமன்று. இலங்கைக் காட்சிகள் தமிழகத்திலேயே எடுக்கப்பட்டன. உலக மேடையிலே வன்னிக்கு இரண்டு முறை பெருமை கிடைத்தது. இரண்டு முறையும் வேறொரு மண் வன்னியாக நடித்தது. குறையென்று சொல்வதற்கில்லை; வேறு வழியில்லாத காலத்தில் அக்கறையோடு செய்த காரியங்கள். போருக்குள்ளேயும் இந்த மண்ணிலே சிலர் படம் எடுத்ததுண்டு. எனினும் மாங்குளத்துச் சந்தியில் நின்று மாங்குளத்தைத் தேடிய பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது, நாம் அவளுக்கு ஏதோ கடன்பட்டிருப்பதாகவே தோன்றியது.

அடுத்த பஸ் முறிகண்டியில் நின்றது. பிள்ளையாரை வணங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கச்சானைக் கொறித்தபடியே பேச்சுத் தொடர்ந்தது. விழா என்றால் வெகு தூரத்துக் கான் நகரம் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்திலே 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேசத் திரைப்பட விழா உண்டு. குறும்படங்களுக்கும் அங்கே இடமுண்டு. கான் விழாவிலேயே முதற் படம் எடுப்பவருக்கென்று தங்கக் கமரா என்னும் பரிசு இருக்கிறது. அதை 2005ஆம் ஆண்டிலே பகிர்ந்து பெற்றவர் நம் நாட்டு இளைஞர் விமுக்தி ஜயசுந்தர. அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

“கமராவுக்கு நிறையக் காசு வேண்டுமே?” என்றான் மூத்தவன். நம் கையிலிருந்த தொலைபேசியைக் காட்டினோம். தொடங்குவதற்கு அது போதும். அதைக்காட்டிலும் அரியது பார்க்கத் தெரிந்த கண். ஈச்சோலையையும் பனையோலையையும் வேறு பிரித்தறியும் கண்.

கிளிநொச்சியில் பிள்ளைகளின் அம்மம்மா வீட்டை அடைந்தபோது மதியம் திரும்பிவிட்டது. மாலையில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனோம். ஆவணி வறட்சியில் நீர் உள்வாங்கியிருந்தது. இன்றும் கிளிநொச்சி வயல்களுக்கு உயிராய் நிற்கும் குளம் அது. அம்மம்மாவும் கூட வந்திருந்தார். சின்னவள் நம்மிடமிருந்து தொலைபேசியை வாங்கி, அவர் முன்னே பிடித்துக்கொண்டாள்.

“அம்மம்மா, நீங்கள் என் வயதில் இருந்த வீடு எங்கே? அங்கே என்னென்ன மரம் நின்றது?”

அவர் முதலில் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துச் சிரித்தார். “என்னை ஏன் பிள்ளை படம் பிடிக்கிறாய்? வேறு ஆள் கிடைக்கவில்லையா?” என்றார். சின்னவள் கையை இறக்கவில்லை. பின்னர் அவர் குளத்துக்கு அப்பால் விரலை நீட்டினார். முற்றத்து வேம்பைப் பற்றிச் சொன்னார். கிணற்றடித் தேசியைப் பற்றிச் சொன்னார். 2009ஆம் ஆண்டு தை மாதம் அந்த வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டதைச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அந்தத் திறப்பைப் பற்றி நாமும் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

அந்தப் படம் நான்கு நிமிஷம் ஓடுகிறது. கை நடுங்குகிறது, காற்றின் இரைச்சலும் கேட்கிறது. அது எந்த விழாவுக்கும் போகப்போவதில்லை. ஆனால் அதிலே தெரிவது இரணைமடுக் குளம்தான். பேசுவது வன்னியிலே பிறந்து வன்னியிலே வாழும் ஒருவர்தான். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மா இருப்பார். இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்பிவையுங்கள்.